தண்ணீர் நிற்கும் மனை

பாரிமுனையில் ஒரு சரக்கு ஏஜென்சியில் ஒன்பது வருஷம் பில் கிளார்க்காக இருந்தேன். மாடிப்படிக்கு அடியில் எங்கள் அறை. ஜன்னல் கிடையாது. சாயங்காலம் தாம்பரம் ரயிலுக்குக் கிளம்பி வெளியே வந்து, தெரு ஈரமாக இருந்தால்தான் அன்றைக்கு மழை பெய்திருக்கிறது என்பது தெரியும்.

எண்பதுகளின் நடுவில் அந்த வேலையை விட்டேன். எங்கள் தெருக்காரர் ஒருவர் கோவிலம்பாக்கம் பக்கம் வயல்களை வாங்கி, மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். அளந்து கல் நட அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "வெயில்ல நின்னா உங்களுக்குத் தலைவலி வருமே" என்று மட்டும் சொன்னாள்.

தலைவலி வரவில்லை. டேப் பிடிப்பது, முளைக்குச்சி அடிப்பது, சுண்ணாம்புக்கோடு போடுவது, கடப்பாரையால் குழி தோண்டிக் கல்லை நிறுத்துவது எல்லாம் நானே செய்தேன். உள்ளங்கை காய்த்தது. பின்கழுத்து கறுத்தது. படுத்ததும் தூங்கினேன். அந்த முதல் வருஷம் போல நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்த இடத்தில் முள் வெட்ட வந்த ஒரு அம்மா பக்கத்துக் கிராமத்துக்காரர். கிழக்குக் கோடியில் நான் கல் நட்டுக்கொண்டிருந்தபோது அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"இங்க இன்னாத்துக்கு சார் கல்லு நடுற? மய பேஞ்சா முட்டி வரிக்கும் தண்ணி நிக்கும். நாங்க நண்டு புடிக்கிற எடம் இது."

அன்று சாயங்காலம் முதலாளியிடம் சொன்னேன். "ரோடு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அடுத்த மாதம், பழைய ஆபீசில் என் பக்கத்து மேஜையில் இருந்த டைப்பிஸ்ட் பெண் மனை பார்க்க வந்தார். கல்யாணம் ஆகாதவர். குரோம்பேட்டையில் ஒரு போர்ஷனில் அம்மாவோடு வாடகைக்கு இருந்தார். நான் இங்கே இருக்கிறேன் என்று யாரோ சொல்லித்தான் தேடி வந்திருந்தார். அவரால் வாங்க முடிந்தது கிழக்குக் கோடி மனைதான். குடையை மடக்கி அதன் முனையால் மண்ணைக் குத்திப் பார்த்தார்.

"மழையில தண்ணி நிக்குமா அண்ணா?"

முள் வெட்டும் அம்மா இருபதடி தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோடு போட்டா சரியாயிடும்மா" என்றேன்.

"நீங்க சொன்னா சரி" என்றார்.

அவர் வீடு கட்டினார். முதல் இரண்டு வருஷமும் மழை குறைவு. மூன்றாம் வருஷம் ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை மண்வெட்டியோடு சைக்கிளில் போனேன். பாதி வழியிலேயே இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. வாசற்படி தெரியவில்லை. உள்ளே அவருடைய அம்மாவின் கட்டிலைச் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார். புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு ஒரு டப்பாவால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். வெளியே இருந்ததும் அதே தண்ணீர்தான்.

"வாங்க அண்ணா. ஸ்டவ் நனைஞ்சிடுச்சு, காபி போட முடியாது" என்றார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நான் வெளியே வந்து அவர் வீட்டுப் பின்பக்கம் வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தேன். மத்தியானத்துக்குள் வாசற்படி வெளியே தெரிந்தது. அப்போது பின் வீட்டுக்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். நான் வெட்டிவிட்ட தண்ணீர் முழுக்க அவர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த மனைக்கும் நான்தான் கல் நட்டிருந்தேன். மண்ணைத் தள்ளி வாய்க்காலை மூடினேன். தண்ணீர் திரும்ப ஏறுவதை டைப்பிஸ்ட் ஜன்னல் வழியாகப் பார்த்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த கோடையில் வீட்டை விற்றுவிட்டுத் திரும்பக் குரோம்பேட்டைக்கே வாடகைக்குப் போய்விட்டார். தகவல் எனக்கு மூன்றாவது ஆள் மூலமாகத்தான் வந்தது.

நான் வேலையை விடவில்லை. மனைவியிடம் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இன்னும் ஆறு வருஷம் பள்ளிக்கரணை வரைக்கும் கல் நட்டேன். யாராவது தண்ணீர் நிற்குமா என்று கேட்டால், "முதலாளியைக் கேளுங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அதை அப்போது நேர்மை என்றுகூட நினைத்தேன்.

தொண்ணூறுகளில் ஒருநாள் பல்லாவரம் ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. தனியாக நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். பாலம் ஏறிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருடைய வண்டி வர எப்படியும் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.