எங்கள் வீட்டை விட்டுப் போகாத வாடை

என் மூச்சுதான் என் மகளைக் கொல்கிறது என்று நான் நம்பிய நாட்கள் உண்டு, சகோதர சகோதரிகளே. நான் நாலாவது வரை படித்தவன். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் பெயிண்டர். நீலசந்திராவில் குடியிருக்கிறேன். போன ஜனவரியில் எங்கள் வீட்டில் ஒரு வாடை அடிக்க ஆரம்பித்தது. பெயிண்டில் கலக்கும் தின்னர் மாதிரி, ஆனால் தின்னர் இல்லை. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

என் மனைவி எஸ்தரிடம் சொன்னேன். “பெயிண்டர் வீட்ல மல்லிப்பூ வாசனையா வரும்? உங்க மேலதான் அடிக்குது, போய்க் குளிங்க” என்று சிரித்தாள். இரண்டு வேளையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தேன். வாடை கூடியதே தவிரக் குறையவில்லை. வேலைச் சட்டையை வாசலுக்கு வெளியே தொங்கவிட்டேன். காஸ் சிலிண்டரை மாற்றினேன். கன்னடக்காரரான வீட்டு ஓனர் வந்து பார்த்து, “ஏனூ இல்லப்பா, ஒண்ணுமே இல்ல, உன் மூக்குலதான் கோளாறு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு எங்கள் ஒன்பது வயது மகள் கிருபாவுக்குத் தலைவலி வந்தது. காலையில் வாந்தி எடுப்பாள். ஒரு நாள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். கிளினிக் டாக்டர் என் வேலையைக் கேட்டதும், “நீங்கதான் கெமிக்கலை வீட்டுக்குக் கொண்டு வர்றீங்க” என்றார். அன்றோடு வேலைக்குப் போவதை நிறுத்தினேன். இரண்டு வாரம் பிரஷைத் தொடவில்லை. வாடை அப்படியே இருந்தது.

அப்போதுதான் மனம் விட்டுப்போனது. விஷம் என் உடம்புக்குள்ளேயே ஊறிவிட்டது என்று முடிவு செய்தேன். கிருபாவைப் பக்கத்தில் வரவிடவில்லை. மொட்டைமாடியில் படுத்தேன். “அப்பாவுக்கு என்மேல கோவமா?” என்று அவள் எஸ்தரிடம் கேட்டாளாம். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. ஆண்டவர் எங்களைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். எங்காவது போய்விடலாம் என்று ஒரு பையில் துணியும் எடுத்து வைத்துவிட்டேன்.

அந்த வாரம் வீட்டு ஜெபம் எங்கள் வீட்டில். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்போம். முடியாதவர் பக்கத்தில் இருப்பவர் கையைத் தொட்டால் முறை அவருக்குப் போய்விடும். பல வருஷமாக நான் தொட்டே தப்பித்தவன். அன்றும் கையை நீட்டினேன். பக்கத்தில் கிருபா. அவளைத் தொடப் பயந்து கையை இழுத்துக்கொண்டேன். எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். வேறு வழியில்லை.

“ஆண்டவரே, வீட்ல ஒரு வாடை அடிக்குது. புள்ளய சாகடிக்குது. எங்கேருந்து வருதுன்னு காட்டுங்கப்பா. நானாத்தான் இருந்தா என்னைய எடுத்துக்கோங்க.” அதற்கு மேல் முடியவில்லை. அழுதுவிட்டேன்.

ஆமென் சொன்னதும் சாந்தா அக்கா எழுந்தார். அவர் குஜிரிக் கடையில் பழைய சாமான் பிரிக்கிறவர். “இத்தனை நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?” என்று திட்டிக்கொண்டே மோந்து பார்த்தபடி நடந்தார். சமையலறையில் தண்ணீர் ட்ரம்மின் மூடியைத் திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தம்பி, இத எங்க வாங்குன?”

“அத்திபெலேல, ஃபேக்டரிங்க பக்கத்துலக்கா. பழசுதான். நல்லா கழுவித்தான் வச்சேன்.”

“ஐயோ, கெமிக்கல் ட்ரம்முப்பா இது! இத நாங்க வெறுங்கையில தொடமாட்டோம். பிளாஸ்டிக்குல ஊறுனது எத்தன கழுவுனாலும் போகாது.”

எங்கள் தெருவில் தினமும் தண்ணீர் வராது. பழைய நீல ட்ரம் இல்லாத வீடே இல்லை. ஜனவரியில் எங்கள் பழைய ட்ரம் உடைந்ததும் நானேதான் இதைத் தூக்கி வந்தேன். குடித்தது, சமைத்தது, நான் தேய்த்துத் தேய்த்துக் குளித்தது எல்லாம் அந்தத் தண்ணீர்.

ட்ரம் போன ஒரு வாரத்தில் வாடை போனது. வாந்தி நின்றது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கிருபாவின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஈரலில் கொஞ்சம் பாதிப்பு இருக்கிறது, போகப் போகத்தான் தெரியும் என்றார். என் கையால் பிடித்துக் கொடுத்த தண்ணீர். அந்த நினைப்பு சாகும்வரை என்னை விடாது.

ஆனாலும் ஸ்தோத்திரம். நான் கேட்டதை ஆண்டவர் காட்டினார். இப்போது கிருபா என் பக்கத்தில் படுக்கிறாள். கூச்சப்பட்டே வாழ்ந்த நான், இன்று தெரியாதவர் வீட்டுக் கதவையும் தட்டி, “உங்க ட்ரம்முல முன்னாடி என்ன இருந்துச்சு?” என்று கேட்கிறேன்.

முழு நம்பிக்கை இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அன்று எனக்குப் பாதி நம்பிக்கைகூட இல்லை. கேட்டேன். நீங்களும் கேளுங்கள். கேட்கும்போது என் கிருபாவின் பெயரையும் சொல்லுங்கள்.