விளக்கேற்றாத புன்னைத்தாங்கல்

பெயர்: சக்ரேஸ்வரி. பிறப்பு: 1927, சந்தவாசல். திருமணம்: 1945. கணவர்: பத்மராஜ், சமண வேளாண் குடும்பத்தவர். வாழ்ந்த ஊர்: புன்னைத்தாங்கல், ஆரணியிலிருந்து தேவிகாபுரம் செல்லும் பேருந்துச் சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே. அவ்வூரில் இருந்த வீடுகள்: 1961இல் முப்பத்து நான்கு, 1976இல் ஒன்று.

அந்த ஒன்று சக்ரேஸ்வரியின் வீடு. மற்றவற்றுள் பெரும்பாலானவை கைலி நெய்தவர்களுடையவை. பட்டு நெசவில் கூலி கூடுதல் என்பதால் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆரணிக்குக் குடிபெயர்ந்தனர். தறிச் சட்டம், கதவு, நிலைப்படி, கூரை ஓடு என எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிச் சென்றனர். கொண்டுபோக இயலாதது தறிக்குழி மட்டுமே. நெய்பவர் கால்களைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பதற்காக வீட்டுத் தரையில் தோண்டியிருந்த குழி அது.

கூரை போனபின் அக்குழிகளில் மண் சரிந்து ஈரம் தங்கியது. சக்ரேஸ்வரி ஒவ்வொன்றிலும் பூசணி விதை ஊன்றினார். குட்டிச்சுவர்கள் காற்றைத் தடுத்ததால் கொடிகள் செழித்தன. ஒரு முறையை அவர் தவறாமல் பின்பற்றினார்: எந்த வீட்டுக் குழியில் காய்த்ததோ, அந்த வீட்டாருக்கே முதல் காய். சாக்கில் கட்டிப் பேருந்தில் ஆரணிக்குக் கொண்டுபோய், தெருத் தெருவாகத் தேடிக் கொடுப்பார். பழைய அண்டைவீட்டுக்காரியான கன்னியம்மாள், தான் அந்தக் குழியில் பதினைந்து ஆண்டுகள் உட்கார்ந்தும் இவ்வளவு பெரியதாக எதையும் பெற்றதில்லை என்று சொல்லிச் சிரிப்பாராம்.

இந்த நிலை நீடிப்பது ஒரு கிணற்றைச் சார்ந்திருந்தது. தண்ணீர் ஆழத்துக்கு இறங்கிவிட்டது, மாடுகளுக்கும் வயதாகிவிட்டது, மாடு பூட்டிச் சாலில் நீர் இறைக்கும் கவலையை ஓட்டக் கூலியாள் வருவதில்லை. மின்சார மோட்டார் வைத்தால் நிலம் பிழைக்கும். இல்லையேல் ஆரணியில் மகன் அனந்தகுமாரின் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மகன் அழைத்தபடியே இருந்தார். சக்ரேஸ்வரியின் பதிலும் மாறவில்லை: "மருமகளும் நல்லவ, நானும் நல்லவ. ஒரே அடுப்பாண்ட நின்னு அதைக் கெடுத்துக்கணுமா?"

1978இல் அப்பகுதியின் குக்கிராமங்களுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை தொடங்கியது. ஆள் குடியிருக்கும் ஊர்களுக்கே கம்பம் நடுவார்கள். விண்ணப்பித்த ஊரில் மெய்யாகவே ஆள் இருக்கிறார்களா என்று அறிய, பணியாளர் ஒருவர் பொழுது சாய்ந்தபின் சாலையில் நின்று விளக்கு தெரிகிறதா என்று பார்ப்பார். எளிய முறை, பிற ஊர்களில் அது தவறியதில்லை. சக்ரேஸ்வரி விண்ணப்பித்திருந்த புன்னைத்தாங்கலை அவர் இருமுறை பார்த்தார். இருமுறையும் இருட்டுதான்.

காரணம் இது. சமணர் இல்லங்களில் பொழுது சாய்வதற்கு முன்பே உணவு முடிந்துவிடும். சக்ரேஸ்வரி அதற்கு மேலும் ஒரு விரதம் பூண்டிருந்தார்: பூச்சிகள் பெருகும் மழை மாதங்களில், ஆடி தொடங்கித் தீபாவளி வரை, பூச்சி விழுந்து சாகும் என்பதால் இரவில் வீட்டில் சுடர் ஏற்றுவதில்லை. ஊர் பார்க்க வந்த மாதமோ புரட்டாசி.

மூன்றாம் முறை, மின்வாரியத்தில் அந்தப் பணியாளரின் மேலாளரான லோகநாதனே வந்தார். அன்றும் இருட்டாக இருக்கவே, ஊருக்குள் சென்று உறுதிசெய்துகொள்ள எண்ணி நடந்தார். சுவரில்லாத பக்கமாக ஒரு வீட்டுக்குள் கால் வைத்தவர், இடுப்பளவு குழியில் பூசணிக் கொடிகளின் மேல் உட்கார்ந்த நிலையில் விழுந்தார்.

சத்தம் கேட்டுச் சக்ரேஸ்வரி வெளியே வந்தார். "யாருங்க அது, கன்னியம்மா வூட்டுக் குழியில?"

லோகநாதன் தம் பெயரையும் பதவியையும் குழியிலிருந்தபடியே முறையாகத் தெரிவித்தார். பின்னர், இது ஆளில்லாத ஊர் என்று எழுத வந்திருப்பதாகவும் கூறினார்.

"ஆளில்லாத ஊர்ல நீங்க யார்கிட்ட சார் பேசிகினு இருக்கீங்க?"

பத்மராஜ் கைகொடுத்து அவரைத் தூக்கிவிட்டார். மூவரும் இருளில் நின்றே வாதிட்டனர். ஆளைப் பார்த்துவிட்டேன், ஆனால் விளக்கைப் பார்க்கவில்லையே, படிவத்தில் விளக்கைத்தானே கேட்கிறார்கள் என்பது லோகநாதனின் சங்கடம். ஒரே ஒரு அகலை ஏற்றுங்கள், பார்த்ததும் அணைத்துவிடலாம் என்று மன்றாடும் நிலைக்கு அவரே வந்துவிட்டார். சக்ரேஸ்வரி மறுத்தார். டார்ச் லைட்டில் பூச்சி சாகாதே என்று பத்மராஜ் யோசனை சொன்னார். டார்ச் லைட் குடியிருப்புக்கு அடையாளமாகாது, திருடர்களும் வைத்திருப்பார்கள் என்றார் லோகநாதன்.

இவ்வளவு பேசியபின் அவருக்குப் பசித்தது. ஒரு வாய் சோறு கிடைக்குமா என்று கேட்டார்.

"பொழுது சாஞ்சா இந்த வூட்ல சோறு கிடையாதுங்க."

"வெளிச்சமும் இல்ல, சோறும் இல்ல. நான் எதைம்மா வச்சி வீடுன்னு எழுதுறது?"

"நாளைக்குப் பகல்ல வாங்க. ரெண்டுல ஒண்ணு இருக்கும்."

மறுநாள் நண்பகலில் லோகநாதன் சற்று நொண்டியபடி வந்தார். முந்தைய நாள் அவர் விழுந்ததில் முறிந்த கொடியின் பூசணிக்காய்தான் அன்றைய கூட்டு. சமணர் வழக்கப்படி வெங்காயம் இல்லை, கிழங்கு இல்லை; மொச்சைக் குழம்பு, அவரைப் பொரியல், கெட்டி மோர். முதல் கவளத்தில் ஐயத்துடன் மென்றவர், இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

பரிமாறிக்கொண்டே சக்ரேஸ்வரி சமையற்கட்டைச் சுட்டிக்காட்டினார். "அங்க எரியறது என்னாங்க?"

"அடுப்பு."

"நெருப்புதானே? அதை எழுதிக்குங்க. விளக்கெரிஞ்சா ஆள் முழிச்சிகினு இருக்காங்கன்னுதான் அர்த்தம். அடுப்பெரிஞ்சா குடும்பம் நடக்குது."

லோகநாதன் மோர்ச் சோற்றை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று பிறகு மெல்லக் கேட்டார்.

"நல்லா சாப்ட்டேன்னு சொல்லுங்க."

கைகழுவிய ஈரத்துடனேயே படிவத்தை விரித்தார். விளக்கு என்ற சொல்லுக்கு எதிரே 'இல்லை' என்றும், அதன் கீழே தம் கையெழுத்தில் 'அடுப்பு எரிகிறது, குடும்பம் வசிக்கிறது, நேரில் உண்டு அறிந்தேன்' என்றும் எழுதிக் கையொப்பமிட்டார். மேலிடத்தில் எவரும் கேள்வி எழுப்பவில்லை. சாலைக்குத் திரும்பும்போது, கொடி முறிந்ததற்குக் கன்னியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும்படி வேண்டிக்கொண்டார். அந்த வாரமே சக்ரேஸ்வரி ஆரணிக்குச் சென்று அதைச் சொன்னார். கன்னியம்மாள் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்ததில், அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தார்களாம்.

கம்பம் நடும் வேலை கார்த்திகையில் தொடங்கித் தையில் முடிந்தது. கிணற்றில் மோட்டார் பொருத்தியபோது அதன் அறையில் ஒரு பல்பும் மாட்டிக் கொடுத்தனர். மழை மாதங்களில் சக்ரேஸ்வரி அதைப் போடுவதில்லை. இவற்றைக் கேட்டு எழுத நான் 1986இல் சென்றபோது கிணற்றடியில் நெல் நின்றது. பத்மராஜ் வரப்பில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். மருமகள் விடுமுறைக்கு வந்து, மாமியாரின் அடுப்பில் மாமியார் சொன்னபடி சமைத்துக்கொண்டிருந்தார்.

சாலையிலிருந்து அந்தக் கிணறு வரை நட்டிருக்கும் மின்கம்பங்கள்: இருபத்தேழு.