சகலையின் டயரைவிட அகலமாக

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பெட்ரோல் செடான் வைத்திருக்கிறேன். குடும்பத்தோடு வால்பாறை போகிறோம். அதற்கு முன் டயரைப் பெரிதாக மாற்றிக்கொள்ளலாமா?" பதில் சொல்ல இரண்டு வரி போதும். ஆனால் அந்த இரண்டு வரியை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998 ஜனவரியில், பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை போன பயணம் அது. இத்தனை பயணங்களை எழுதியவன் இதை மட்டும் எழுதாமல் வைத்திருந்ததற்குக் காரணம், அதில் நான் நடந்துகொண்ட விதம்தான்.

அப்போது கோவை கணபதியில் எனக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை. எட்டு வருடம் ஸ்கூட்டரில் அலைந்த பிறகு, 96-இல் ஒரு வெள்ளை பெட்ரோல் செடான் வாங்கினேன். என் மாமனார் வீடு பொள்ளாச்சியில். அந்த வீட்டு வாசலில் நின்ற முதல் கார் என்னுடையது. மாமனார் அதன் பானட்டைத் தடவிப் பார்த்து, "பெரிய மாப்பிள்ளை வண்டி" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தப் பெருமை ஒன்பது மாதம் நீடித்தது. மனைவியின் தங்கையைக் கட்டிய தங்கவேல், என் சகலை, திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். அதே கம்பெனி, அதே மாடல் கார் வாங்கினார். நிறம் மட்டும் கருநீலம். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு அகலமான ரேடியல் டயர் போட்டிருந்தார். இரண்டு வண்டியும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, அவருடையது தரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னுடையது ஒல்லிக் காலில் நிற்கும் ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கருநீல வண்டியைத்தான் சுற்றி வந்தார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது மாமனார் சின்ன மாப்பிள்ளை வண்டியில் ஏறினார். "அது குலுங்கறதில்லீங்க மாப்பிள்ளை" என்று என்னிடம் காரணமும் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அந்த டிசம்பரில் இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தார்கள். பார்வை தெளிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: வால்பாறை மலையைப் பார்க்க வேண்டும், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் பாலாஜி கோயிலுக்குப் போக வேண்டும். இரண்டு குடும்பமும் இரண்டு காரில் போவதென்று முடிவானது. பெரியவர்கள் இருவரும் யார் வண்டியில் என்பதுதான் எனக்குக் கேள்வி.

பயணத்துக்கு நான்கு நாள் முன்னால் உக்கடத்தில் ஒரு டயர் கடைக்குப் போனேன். என் வண்டியின் கம்பெனி டயர் 155 அகலம். மில்லிமீட்டர் கணக்கு. தங்கவேல் போட்டிருந்தது 175. கடைக்காரர் பாய் அதையே எடுத்து வைத்தார். நான் 185 கேட்டேன்.

"வேண்டாம் சார்" என்றார் பாய். "உங்க ரிம் சின்னது. டயர் வயிறு மாதிரி வெளியே தள்ளும். அஞ்சு பேரு உக்காந்து ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சீங்கன்னா மட்கார்டுல உரசும்."

"டவுனுக்குள்ளதான் ஓட்டப் போறேன்" என்று பொய் சொன்னேன்.

"அப்புறம் எதுக்கு சார் இவ்வளவு அகலம்?"

விலை என்ன என்று கேட்டேன். நான்கு டயருக்கு 7,400 ரூபாய். பழைய நான்கையும் எடுத்துக்கொண்டு 1,200 கழித்தார். ஸ்டெப்னியை மாற்றவில்லை. அது டிக்கிக்குள் கிடப்பது, யார் பார்க்கப் போகிறார்கள்? வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். மனைவி சாந்தி வெளியே வந்து, "என்னுங்க, வண்டி வீங்கின மாதிரி இருக்குது?" என்றாள்.

ஞாயிறு காலை 5.50-க்கு உக்கடத்தைத் தாண்டும்போது மீட்டரைப் பூஜ்ஜியத்தில் வைத்தேன். கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். அன்றைக்கு இருவழிச் சாலைதான், இரண்டு பக்கமும் புளிய மரம். 6.55-க்கு மாமனார் வீடு. தங்கவேல் திருப்பூரிலிருந்து முன்னதாகவே வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் டயரைப் பார்த்தார். குனிந்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார்.

"நெம்ப நெருக்கமா இருக்குதுங்களே அண்ணா."

"அதெல்லாம் பாத்துத்தான் போட்டிருக்காங்க" என்றேன். அவர் முகத்தில் கவலை தெரிந்தது. அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டு மகிழ்ந்தேன்.

பெரியவர்கள் இருவரையும் நானே கையைப் பிடித்து இழுக்காத குறையாக என் வண்டியில் ஏற்றினேன். மாமனார் முன் சீட்டில். பின்னால் அத்தை, சாந்தி, எட்டு வயது மகள். டிக்கியில் தேங்காய்ப் பழக்கூடையும் தண்ணீர்க் கேனும். 7.40-க்குக் கிளம்பினோம். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு 24 கிலோமீட்டர். தென்னந்தோப்புகளுக்கு நடுவே சாலை வழுக்கிக்கொண்டு போகும், அந்தப் பயணத்தில் நான் நிம்மதியாக ஓட்டிய கடைசி தூரம் அதுதான். மாமனார், "இப்ப உங்க வண்டியும் குலுங்கறதில்லீங்க" என்றார். கண்ணாடியில் பின்னால் வரும் கருநீல வண்டியைப் பார்த்துக்கொண்டேன்.

ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் மலை ஆரம்பம். வால்பாறைக்கு அங்கிருந்து 40 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. மூன்றாவது வளைவில் இடது முன்சக்கரப் பக்கம் 'கர்ர்' என்று ஒரு சத்தம். நேராக வந்ததும் நின்றுவிட்டது. நான்காவது வளைவில் வலது பக்கம்.

"என்னுங்க மாப்பிள்ளை சத்தம்?"

"புது டயருங்க மாமா. கொஞ்ச தூரம் போனா பழகிக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒன்பதாவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது, ஆழியாறு அணை முழுவதும் கீழே தெரியும். நிறுத்தினோம். தடுப்புச் சுவர் ஓரம் இரண்டு வரையாடுகள் நின்றிருந்தன. அத்தை, "அதோட கொம்புல இருக்கற வரி வரியெல்லாங்கூடத் தெரியுது கண்ணு" என்று பேத்தியிடம் சொல்லிச் சிரித்தார். நான் மறுபக்கம் போய் டயரைப் பார்த்தேன். வெளி ஓரத்தில் ரப்பர் சுருள் சுருளாகச் சீவப்பட்டிருந்தது. தங்கவேல் வருவதைப் பார்த்ததும் எழுந்து கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமனார் அந்த வண்டிக்குப் போய்விடுவார்.

பதினைந்தாவது வளைவில் ரப்பர் கருகும் நாற்றம் உள்ளேயே வந்துவிட்டது. பின்னால் தங்கவேல் லைட்டை அடித்தார். ஹாரனும் அடித்தார். முந்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அப்படி நினைக்க விரும்பினேன். ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

பதினேழாவது வளைவில் மேலேயிருந்து பஸ் இறங்கியது. நான் வந்த வேகத்துக்கு ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால்தான் ஓரம் கிடைக்கும். ஒடித்தேன். முக்கால் பங்கு திரும்பியதும் டயர் மட்கார்டின் மடிப்பில் மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங் கையை எதிர்த்தது. வண்டி திரும்பாமல் நேராகப் போனது. பிரேக்கில் ஏறி நின்றேன். பஸ்ஸும் நின்றது. எங்கள் பம்பருக்கும் அதன் முன்பக்கத்துக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடைவெளி. பின் சீட்டில் மகள் அழ ஆரம்பித்தாள். அத்தை அவள் முகத்தைத் தன் மடியில் அமுக்கிப் பிடித்திருந்தார்.

பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கத்தவில்லை. "ஏனுங்க, குழந்தை குட்டிய வெச்சுக்கிட்டு இப்படி ஏறி வந்தீங்கன்னா நான் எங்கீங்க போறது?" என்று கேட்டார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ரிவர்ஸ் எடுத்து ஓரங்கட்டினேன். தங்கவேல் ஓடி வந்து டயரைப் பார்த்தார். வலது முன்டயரின் வெளி ஓரம் அறுந்து உள்ளேயிருந்த நூல் வெளியே தெரிந்தது. என்னை ஒரு முறை பார்த்தார். மாமனார் இறங்கி வருவதற்குள், "கூர்க்கல்லு ஒண்ணுல ஏறிருச்சுங்க மாமா, டயர் கிழிஞ்சுபோச்சு" என்றார்.

என் மானத்தைக் காப்பாற்றினார். அந்த நேரத்தில் எனக்கு நன்றி வரவில்லை. நல்லவனாக இருப்பதிலும் இவர் எனக்கு ஒரு படி மேலே நிற்கிறாரே என்றுதான் எரிந்தது.

அடுத்து என்ன செய்வதென்று கண்டுபிடித்ததும் அவர்தான். என் ஸ்டெப்னி பழைய 155. அவருடைய ஸ்டெப்னியும் அதேதான். "ஒரே வண்டி, ஒரே ரிம்முங்க. ரெண்டையும் உங்க முன்சக்கரத்துக்குப் போட்டுப்போடலாம். ஒண்ணு ஒல்லி ஒண்ணு குண்டுன்னு போட்டா பிரேக் அடிக்கறப்ப ஒரு பக்கமா இழுக்கும்."

"அப்ப உங்களுக்கு ஸ்டெப்னி இல்லாமப் போயிரும்."

"போனாப் போகுதுங்க. மெதுவாப் போலாம்."

பனியன் கம்பெனி முதலாளி தன் வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் முட்டி போட்டு நட்டு கழற்றினார். ஐம்பது நிமிடம் ஆனது. பின்சக்கரத்தில் பெரிய டயர், முன்னால் சின்ன டயர் என்று என் வண்டி குனிந்து கும்பிடுவது போல் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வளைவிலும் சத்தமே இல்லை. 11.10-க்கு வால்பாறை. நடை சாத்துவதற்குள் கோயிலுக்கும் போய்விட்டோம். அத்தை சன்னதியை விட வெளியே நின்று தேயிலைச் சரிவைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

சாப்பிட்டுவிட்டு வால்பாறை கடைவீதியில் டீ குடிக்க நின்றோம். சாந்தி என்னை ஓரமாக அழைத்தாள்.

"அங்க கல்லு ஒண்ணுமில்லீங்க. நானும் எறங்கிப் பாத்தேன்."

அவளே தொடர்ந்தாள்.

"அவரு உங்களுக்காகப் பொய் சொல்லிப்போட்டாரு. அதை அப்படியே உட்டுட்டு வந்தீங்கன்னா எனக்குப் புடிக்காதுங்க. நீங்களே அப்பாகிட்டச் சொல்லிப்போடுங்க."

டம்ளரோடு மாமனாரிடம் போனேன். தங்கவேலும் பக்கத்தில் இருந்தார்.

"மாமா, கல்லெல்லாம் இல்லீங்க. டயர் வண்டிக்குப் பெருசு. கடைக்காரர் வேண்டாம்னுதான் சொன்னார். நான்தான் கேக்கலீங்க."

"எதுக்குங்க மாப்பிள்ளை?"

"இவரோட டயரை விடப் பெருசா இருக்கோணும்னுங்க."

தங்கவேல் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் நிதானமாகக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். "சத்தம் என்னன்னு கேட்டேனுங்க. புது டயருன்னீங்க. அதையும் நம்பித்தான் உக்காந்திருந்தேன்." பிறகு, "எறங்கறப்ப நாங்க ரெண்டு பேரும் சின்னவரு வண்டியில வாரோமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

கருநீல வண்டியின் கதவு திறந்து அவர்கள் இருவரும் ஏறியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னதும் மனம் லேசாகிவிட்டது என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. பொறாமை அப்படியேதான் இருந்தது. நாற்பது வளைவையும் அதோடுதான் இறங்கினேன், இரண்டாவது கியரில். 2.30-க்குக் கிளம்பி 4.25-க்கு ஆழியாறு, 6.50-க்கு உக்கடம். போக வர மொத்தம் 216 கிலோமீட்டர், பெட்ரோல் 17 லிட்டர்.

இனி அந்த வாசகருக்கு. டயர் மாற்றலாம், ஆனால் கம்பெனி சொல்லும் அகலத்தை விட ஒரு படிக்கு மேல், அதாவது 155 என்றால் 165-க்கு மேல், போகாதீர்கள். அதுவும் ரிம் தாங்குமா என்று கேட்டுவிட்டு. போட்டதும் ஆளும் சுமையும் ஏற்றி, காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் ஒடித்து ஓட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் மலை ஏறாதீர்கள். ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள். ஆழியாற்றில் ஏழு மணிக்குள் இருந்தால் இறங்கும் பஸ்கள் குறைவு. ஏறும் வண்டிக்குத்தான் முதலில் வழி என்றாலும், வளைவில் அந்த உரிமையை நம்பி வேகம் எடுக்காதீர்கள். பின்னால் வருகிறவர் லைட் அடித்தால் ஓரங்கட்டி என்னவென்று கேளுங்கள்.

மறுநாளே உக்கடம் போய் நான்கும் கம்பெனி அளவில் போட்டேன். பாய் ஏன் என்று கேட்கவில்லை. தங்கவேல் அடுத்த வருடம் இன்னும் பெரிய காராக வாங்கினார். அப்போதும் எரிந்தது, ஆனால் என் வண்டியில் கை வைக்கவில்லை.

மாமனார் மறுபடி என் காரில் ஏற ஐந்து மாதம் ஆனது. கொடுமுடியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். தங்கவேல் ஊரில் இல்லை. வாசலுக்கு வந்தவர் ஏறுவதற்கு முன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"கம்பெனி சைசுதானுங்க மாமா" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலீங்களே" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தார்.