கலயம் சரியான அளவுதான்

எனக்குப் பழிவாங்கும் புத்தி உண்டு. மறப்போம், மன்னிப்போம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் கொட்டாவி வருகிறது. என் அத்தை மகன் செய்த எதையும் நான் மறக்கவில்லை. கையில் ஏர் ரைபிளும் அதன் மேல் குறி பார்க்கும் ஸ்கோப்பும் இருந்தும், அவன் மேல் ஒரு கீறல்கூடப் படாமல் அவனைப் பழி தீர்த்தேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கல்லூரி என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்துப் பழகியவள் நான். படிப்பு முடிந்ததும் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயை ஒட்டி இருந்த துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தேன். அத்தை மகன் எனக்கு முன்பே அங்கே உறுப்பினர். அவனுக்கும் எனக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. அடுத்து வந்த போட்டியில், அட்டையில் குறி பார்த்துச் சுடுவதில், நான் அவனை ஜெயித்துவிட்டேன். ஜெயித்த கையோடு கொஞ்சம் சிரித்தும் விட்டேன்.

அந்த வாரமே அவன் கதை கட்டினான். நான் சுட்டு ஜெயிக்கவில்லையாம், பென்சிலால் அட்டையில் ஓட்டை போட்டேனாம். சொந்தக்காரர்கள் வீடு வீடாக இந்தக் கதை போனது. அப்பா பழங்காநத்தத்திலிருந்து பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"எம் மக பொய் சொல்லாது மாப்ள" என்று கும்பிட்டுச் சொன்னார்.

அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க மக, நீங்க நம்புவீக மாமா. நான் எப்பிடி நம்புறது? வாயத் தொறந்தா பொய்யி."

நிச்சயம் முறிந்தது. அதில் எனக்கு நஷ்டமில்லை, சனி விட்டது என்றுதான் இருந்தேன். ஆனால் அப்பா அதன் பிறகு சொந்தத்தில் ஒரு கல்யாணம், காதுகுத்துக்குப் போகவில்லை. போனால் யாராவது என்னைப் பற்றிக் கேட்பார்கள், அவர் திரும்பவும் கும்பிட வேண்டும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் உண்மை பேசுகிறவள் என்று அவன் வாயாலேயே, நாலு பேர் முன்னால், அப்பா காது கேட்கச் சொல்ல வைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குக் குறைந்த எதுவும் வேண்டாம்.

கிளப்பில் கலயப் போட்டி என்று ஒன்று நடக்கும். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய அடுத்த ஞாயிறு, வறண்ட கண்மாய்க்குள் ஐந்து மண் கலயங்களை வெவ்வேறு தூரத்தில் வைப்பார்கள். உள்ளே மஞ்சள் தண்ணீர். குண்டு பட்டால் தண்ணீர் ஒழுகும், தூரத்திலிருந்தே தெரியும். கலயம் எல்லாம் ஒரு சாண் உயரம். தூரத்தை டேப்பால் அளக்கக் கூடாது, நடந்து பார்க்கவும் கூடாது. ஸ்கோப் வழியாகப் பார்த்தே தூரத்தைச் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் ஜெயித்தவர் குயவரிடம் கலயம் வாங்கி வந்து தனியாகப் போய் வைப்பார், அந்த வருஷம் அவர் சுட மாட்டார். நிச்சயம் முறிந்த வருஷம் வைக்கும் உரிமை அவனிடம் இருந்தது.

ஸ்கோப்புக்குள் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய கோடுகள் தெரியும். அவற்றின் மேல் கோலப் புள்ளி போல ஒரே இடைவெளியில் புள்ளிகள். ஒரு சாண் கலயம் கிட்டே இருந்தால் ஏழு இடைவெளியை அடைக்கும், தள்ளிப் போனால் ஐந்துதான். அதை வைத்துத் தூரம் தெரியும். தூரம் தெரிந்தால் குண்டு எவ்வளவு தாழும் என்று தெரியும். நடுப்புள்ளியை விட்டுவிட்டு, அந்த அளவுக்குக் கீழே உள்ள புள்ளியைக் கலயத்தின் மேல் வைத்துச் சுட வேண்டும். எல்லாமே கலயம் ஒரு சாண்தான் என்ற நம்பிக்கையில் நிற்கிறது.

பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்கோப் என்னிடம் இருந்தது. அதைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். தண்ணீர்த் தொட்டி, செங்கல், மதிலில் வைத்த சோற்றுக்கு வரும் காக்கா, எது எத்தனை புள்ளி என்று பார்த்துப் பழகினேன்.

"காக்காய என்னத்துக்குடி அளக்குற? அதுக்கு என்ன சட்டையா தைக்கப் போற?" என்று அம்மா கேட்டார்.

போட்டி அன்று எனக்கு முன் சுட்டவர்கள் எல்லோரும் தவறவிட்டார்கள். வெயில் என்றார்கள், காற்று என்றார்கள். என் முறை வந்தது. முதல் கலயம் ஐந்து இடைவெளி, அப்படியானால் தூரம் அதிகம். அதற்கேற்பத் தூக்கிப் பிடித்துச் சுட்டேன். குண்டு கலயத்துக்கு மேலே போய்ப் பின்னால் புழுதி கிளம்பியது. இரண்டாவதும் அப்படியே.

"ஏ புள்ள, ஆகாசத்துல கலயம் எதுவும் தொங்குதா?" என்று கரையிலிருந்து அவன் கேட்டான். கூட்டம் சிரித்தது. எனக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

மூன்றாவது கலயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்க ஒரு காக்கா வந்து அதன் விளிம்பில் பக்கவாட்டில் உட்கார்ந்தது. காக்கா என் ஆள். அலகு முதல் வால் வரை அது இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவு என்று எனக்குத் தெரியும். ஆனால் ஸ்கோப்புக்குள் அது கலயத்தின் உயரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம் இருந்தது. காக்கா வளர்ந்திருக்க வழியில்லை, கலயம்தான் சிறுத்திருக்க வேண்டும். பாவி, சின்னக் கலயம் வாங்கி வைத்திருக்கிறான். சின்னது என்பதால் அது தூரத்தில் இருப்பதாகப் புள்ளிகள் சொல்லின. நாங்கள் அதை நம்பித் தூக்கிச் சுட்டுக்கொண்டிருந்தோம்.

காக்கா பறக்கும் வரை காத்திருந்தேன். கணக்கை மாற்றி, தாழ்த்திப் பிடித்தேன். மூன்றாவது ஒழுகியது. நான்காவது, ஐந்தாவது. அந்த வருஷம் ஜெயித்தது நான்.

கலயங்களைப் பார்க்கப் போனபோது ஒன்றைக் கையிலெடுத்துச் சாண் போட்டேன். நாலு விரல் குறைந்தது. நிமிர்ந்தால் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் பேசாமல் கலயத்தைக் கீழே வைத்தேன். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குயவர் தந்ததை வைத்தேன் என்பான், நான் திரும்பவும் பொய்க்காரி ஆவேன். எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்தது. இப்போதைக்கு அது போதும். அடுத்த வருஷம் கலயம் வைப்பது நான்.

அந்த ஒரு வருஷம் எனக்குச் சோறு இறங்கியதே இந்த நினைப்பில்தான். எத்தனையோ யோசித்தேன். அவனைப் போலவே சின்னதாக வைக்கலாம், இரண்டு பெரிது மூன்று சின்னது என்று கலக்கலாம். கடைசியில் குயவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கலயமாகச் சாண் போட்டுப் பார்த்து, ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் தள்ளிவிட்டு, மிகச் சரியாக ஐந்து எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி, தூரத்திலேயே வைத்தேன்.

அப்பா வர மாட்டேன் என்றார். "அங்கன நம்ம ஆளுக எல்லாம் வருவாகளேம்மா." அதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று இழுத்துக்கொண்டு வந்து கரையில் புங்க மர நிழலில் உட்கார வைத்தேன். அவனுக்கு அதற்குள் வேறு இடத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவியின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கரையில் இருந்தார்கள்.

முதலில் சுட வந்தது அவன்தான். துப்பாக்கியைத் தோளில் வைத்தவன் இறக்கினான். "கலயம் அளவெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டான்.

"சரியான அளவுதான் மச்சான். அஞ்சும் ஒரு சாண்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"இவ சொல்லி நான் நம்பணுமாக்கும்" என்று மனைவியின் அண்ணனைப் பார்த்துச் சிரித்தான்.

கிளப் செயலாளர், "சந்தேகமா இருந்தா சொல்லு தம்பி. கிட்டப் போகக் கூடாதுங்குற விதி கெடக்கு, ஒரு கலயத்த எடுத்து அளந்துட்டே சுடுவோம்" என்றார். அவன் அவசரமாக வேண்டாம் என்றான். அளவு என்ற பேச்சு கிளம்பினால் போன வருஷத்துக் கலயமும் சபைக்கு வரும் அல்லவா.

முதல் குண்டு கலயத்துக்கு முன்னால் மண்ணைக் கவ்வியது. தூரத்துக் கலயம் ஸ்கோப்பில் சிறிதாகத் தெரிந்ததும், நான் சின்னக் கலயம் வைத்திருப்பேன், அது உண்மையில் கிட்டேதான் இருக்கும் என்று நினைத்துத் தாழ்த்திச் சுட்டிருந்தான். அடுத்தது பெரிய கலயமாக இருக்குமோ என்று தோன்றியிருக்க வேண்டும், ஏற்றிப் பிடித்தான். குண்டு மேலே பறந்தது. மூன்றாவது மறுபடி மண். நான்காவது மேலே. அவன் நல்ல குறிகாரன், அதை நான் மறைக்க மாட்டேன். புள்ளிகள் சொன்னதை அப்படியே கேட்டிருந்தால் ஐந்தும் ஒழுகியிருக்கும். ஒரே ஒரு கலயத்துக்காவது என் வார்த்தையை நம்பினானா? ஐந்தாவது குண்டும் மண்ணில்தான் போனது. கலயங்கள் ஒரு சொட்டுச் சிந்தாமல் நின்றன.

துப்பாக்கியை மச்சினன் கையில் திணித்துவிட்டுக் கண்மாய்க்குள் இறங்கி ஓடினான். முதல் கலயத்தின் முன் குத்துக்காலிட்டுச் சாண் போட்டான். எழுந்து அடுத்ததற்குப் போனான். ஐந்தையும் போட்டான்.

"என்ன தம்பி, அளவு எப்பிடி?" என்று செயலாளர் கத்தினார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டே திரும்பி வந்தான். மனைவியின் அண்ணன், "கேக்குறாகள்ல, சொல்லுங்க மாப்ள" என்றார்.

"சரியாத்தான் இருக்கு. அவ சொன்னது நெசந்தான்."

அப்பா எப்போது எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார் என்று தெரியவில்லை. நல்ல மனசுள்ள பெண்ணாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள்.

"எங்கப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் மச்சான்" என்றேன். "இன்னொருக்கா, சத்தமாச் சொல்லுங்க."

அப்பாவுக்கு அடுத்த வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கும். அவர் என்னைத் தடுக்கவில்லை. அவன் இன்னொரு முறை சொன்னான், சத்தமாக.