ஆணி கிழித்த சேலை

சனிக்கிழமை காலையில் நான் தாளிக்க எண்ணெய் வைத்தால், கடுகு வெடிப்பதற்கு முன்பே பக்கத்து நிலத்தில் துப்பாக்கி வெடிக்கத் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து வீடியோ காலில் பேசும் என் தங்கை, "என்னக்கா, அங்க அதுக்குள்ள தீபாவளியா?" என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவைப்பேன். வாரா வாரம் பட்டாசு வாங்கும் வசதி எங்களுக்கு என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். சுடுவது வெள்ளைக்காரன் இல்லை, நம்ம முரளிதான் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

முன்பு டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகரில் இருந்தோம். ஒரே அச்சில் வார்த்த வீடுகள். புல் எவ்வளவு வளரலாம், கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே குடியிருப்புச் சங்கம் விதி வைத்திருந்தது. கொல்லையில் கொடி கட்டித் துணி காயப்போட்டதற்கு எனக்கு எச்சரிக்கை வந்தது. வெயில் மண்டையைப் பிளக்கும் டெக்சாஸில், துணியை மின்சாரத்தில்தான் உலர்த்த வேண்டும் என்றால் வயிறு எரியாதா? அப்போதுதான் முரளி வந்து சொன்னான். "அண்ணி, சிட்டி லிமிட் தாண்டி நார்த்ல போயிடலாம். ஆளுக்கு ரெண்டு ஏக்கர், பக்கத்துப் பக்கத்துல. ரூல்ஸ்னு ஒண்ணுமே கிடையாது. நீங்க பத்து கொடி கட்டுங்க, எவன் கேக்கறான்?" எனக்கு அந்தப் பத்து கொடி போதும். போய்விட்டோம்.

முரளி என் கணவரின் கல்லூரி அறைத்தோழன். நாங்கள் காதலித்த நாட்களில் மெரினாவுக்கு மூன்று பேராகத்தான் போவோம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் ஃபிரண்ட்ஸ் என்று சொல்லித் தப்பிக்கலாம். பலூன் சுடும் கடைதான் எங்கள் இடம். தோற்றவர் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். நான் ஜெயிக்கட்டும் என்று முரளி வேண்டுமென்றே குறி தவறுவான். அதைத் தவிர அந்த வயதில் நான் பார்த்த ஒரே துப்பாக்கி, எங்கள் தெரு வங்கி வாசலில் காவலாளி வைத்திருந்த இரட்டைக்குழல். அது வெடிக்கும் என்று அவர் உட்பட யாரும் நம்பியதில்லை. வீட்டை எதிர்த்து நாங்கள் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் முரளிதான். கையெழுத்துப் போட்ட கையோடு என்னை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தான்.

புது வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அவன் ரைஃபிள் வாங்கினான். எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம் இரும்புத் தகடுகளை வரிசையாக நட்டான். நான் விதிகளைத் தேடிப் படித்தேன். கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. சில கவுண்டிகளில் சிறிய மனைகள் உள்ள இடத்தில் சுடக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்களாம். எங்கள் கவுண்டியில் போடவில்லை. சொந்த நிலத்தில் சுடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. குண்டு மட்டும் எல்லை தாண்டக்கூடாது. கொடிக்கு விதி வைத்த இடத்தை விட்டுவிட்டு, குண்டுக்கு விதி வைக்காத இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

முகத்துக்கு நேரே சுடாதே என்று சொல்ல நமக்கு வராது. கேசரி கிளறி எடுத்துக்கொண்டு போய், சாடையாகச் சொன்னேன். "யாழினி சனிக்கிழமை ஆனா காதைப் பொத்திக்கிட்டேதான் ஹோம்வொர்க் பண்றா, முரளி." யாழினி எங்கள் மகள், நான்காம் வகுப்பு. "அச்சச்சோ, முன்னாடியே சொல்லக் கூடாதா அண்ணி?" என்று உருகினான். மறுநாள் அவளுக்கு இளஞ்சிவப்பில் ஒரு காது மூடி வாங்கி வந்தான். அதோடு விட்டானா? என் கணவரைப் பார்த்து, "டேய், நீயும் வாடா, பீச் ஞாபகம் வரும்" என்றான். அடுத்த சனிக்கிழமை வேலிக்கு அந்தப்பக்கம் இரண்டு பேர் நின்றார்கள்.

அந்தச் சம்பவமும் ஒரு சனிக்கிழமைதான், ஆனால் அன்று இவர் போகவில்லை. கொடியில் என் சுங்குடிச் சேலை நாலாக மடித்துக் காய்ந்துகொண்டிருந்தது. யாழினி அதன் பக்கத்தில் நின்று கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த வெடிச் சத்தத்தோடு, நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சேலை யாரோ சுண்டியதுபோல் ஒரு முறை துள்ளியது. குழந்தை அலறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். பிரித்துப் பார்த்தால் விரல் நுழையும் அளவில் நான்கு ஓட்டைகள். குண்டு கிடைக்கவில்லை. அது எங்கேயோ புல்வெளிக்குள் போய்விட்டது. முரளியிடம் காட்டினேன். "என் சைடுலேர்ந்து வந்திருக்க சான்ஸே இல்ல அண்ணி" என்றான். சேலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கவுண்டி போலீஸான ஷெரிஃப் ஆபீசுக்கு போன் செய்தேன்.

வந்த டெபுட்டி இளைஞன். தொப்பியைக் கழற்றி, மேம், மேம் என்று மரியாதையாகப் பேசினான். சத்தத்தைப் பற்றிப் புகார் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சத்தம் குற்றமில்லை என்று விளக்கினான். நான் சேலையைக் கொண்டுவந்து விரித்தேன். இவ்வளவு நீளமான திரைச்சீலையா என்று கேட்டான். உடுத்துவது என்றேன். அவன் நம்பாமல் என் கணவரைப் பார்த்தான்.

என் கணவர் தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்: "கொடிக்கம்பத்தில் ஆணி இருக்கிறது. அதில் மாட்டிக் கிழிந்தது. என் மனைவி பயந்துவிட்டாள்."

டெபுட்டி என்னைப் பார்த்தான். நான் இல்லை என்று சொன்னால் என் புருஷன் போலீஸிடம் பொய் சொன்னவர் ஆவார். சேலையை மடிக்க ஆரம்பித்தேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, வேலியருகே குண்டைத் தடுக்கும் மண்மேடு போடுவது நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

"அவனுக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வருதும்மா" என்றார் இவர். "இப்ப கன் கேஸ்னு ஒண்ணு விழுந்தா எல்லாமே போச்சு. நமக்காக சாட்சி போட்டவன்டி."

"யாழினிக்கு யாரு சாட்சி?" என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

முரளி குடியுரிமை வாங்கிவிட்டான். பார்ட்டிக்கு இவர் போனார், நான் போகவில்லை. மண்மேடு போட்டுவிட்டான், இன்றும் சுடுகிறான். நான் துணிகளை டிரையரில் போடுகிறேன். முரளியை நினைத்தால் கோபம் வருகிறது. இவரை நினைத்தால் அதுகூட வருவதில்லை. ஒரே மேசையில் சாப்பிடும் ஒருவரை இனி எதற்கும் நம்ப முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

இந்தக் கோடை விடுமுறையில் சென்னை போனோம். பழைய நினைப்பில் இவர் எங்களை மெரினாவுக்கு அழைத்துப் போனார். பலூன் கடை இன்னும் இருந்தது. துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்து, "யாழினி, அப்பா எப்படி சுடுறேன் பாரு" என்றார். முதல் பலூன் வெடித்தது. திரும்பினால் அவள் நின்ற இடத்தில் இல்லை. மணலில் குப்புறப் படுத்து, துப்பாக்கியோடு யாராவது புகுந்தால் செய்யச் சொல்லி அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி இரு கைகளாலும் பிடரியை மூடிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரம்மா குனிந்து, "பலூன்தான் பாப்பா. எந்த ஊரு நீ?" என்று கேட்டார்.

யாழினி தலையைத் தூக்காமலே, "இஸ் இட் ஓவர், அம்மா?" என்றாள்.

இவர் துப்பாக்கியும் கையுமாக என்னைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றேன். "இதுவும் ஆணிதான்னு அவகிட்ட சொல்லுங்க."