குறுக்கே கிடந்த புளியமரம்

எங்கள் வீட்டில் பெண்களுக்கு நான்தான் பாதி டாக்டர். எட்டாவது வரை படித்தவள், கள்ளக்குறிச்சி மெடிக்கலில் தயங்காமல் போய் நிற்கிறவள். ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டினால் தூரமான பெண் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. அதனால் திருவிழாவுக்கு முன் நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை வாங்கிவந்து, ஆண்களுக்குத் தெரியாமல் ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக் கொடுப்பேன். கடையில் டாக்டர் சீட்டு கேட்க மாட்டார்கள். நானும் யாரையும் எதுவும் கேட்க மாட்டேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம். கொழுந்தனின் மனைவி, என் ஓர்ப்படி, கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தையில்லாமல் அந்த ஆண்டு பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தாள்.

"அக்கா, எனக்கு அஞ்சி நாளு தள்ளிக்கினுதான் இருக்குது. போடலாமா?" என்றாள்.

"அப்ப இன்னும் நல்லது. குடம் தூக்கற அன்னிக்கு வந்து தொலைக்காம இருக்கும், முழுங்கு" என்றேன். தவமிருந்த பெண்ணுக்கு நாள் தள்ளியிருக்கிறதே என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

திருவிழா முடிந்து மாத்திரையை நிறுத்தினாள். மூன்றாம் நாள் கொஞ்சம் ரத்தம் பட்டது. கூடவே அடிவயிற்றில் இடப்பக்கம் மட்டும் வலி.

"மாத்திரைய நிறுத்துனா அப்படித்தான் வரும், எனக்கும் வலிக்கும்" என்று வெந்தயமும் மோரும் கொடுத்துப் படுக்க வைத்தேன். அன்றும் மறுநாளும் எங்கள் ஊர் வழியாக வெள்ளிமலை பஸ் கள்ளக்குறிச்சிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

அதற்கடுத்த நாள் விடிவதற்குள் போராட்டக்காரர்கள் மறியலுக்காகச் சாலையில் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். கோடாலியோடு போனவர்களில் கொழுந்தனும் ஒருவர். மதியம் அவள் முகம் வெளுத்து மயங்கி விழுந்தாள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். விடியுமுன் தானே வெட்டிய புளியமரத்தின் மேல் ஏறி, மனைவியை அந்தப் பக்கம் இறக்கினார் அவர்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தாள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கரு குழாயிலேயே தங்கி வெடிச்சிருக்கு. மாத்திரையாலன்னு சொல்ல மாட்டேன். ஆனா நாள் தள்ளியிருந்தா முதல்ல கர்ப்பமான்னு பாத்திருக்கணும். ரத்தமும் ஒரு பக்க வலியும் வந்த அன்னிக்கே வந்திருந்தா இவ்வளவு சேதம் ஆயிருக்காது. ஏம்மா லேட்டு?"

கொழுந்தன் கதவருகே வந்து நின்றார். சட்டையெல்லாம் மரத்தூள்.

"வழியில மரம் போட்டுட்டாங்கம்மா" என்றேன்.

வாய்கூசாமல் வந்த அந்த ஒரு பொய்யில் எல்லாம் முடிந்துபோனது. அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவேயில்லை. கொழுந்தன் கூட்டங்களுக்குப் போவதை விட்டார். விறகு பிளக்கக்கூட ஆள் வைத்தார். குடித்தால் மட்டும் என் எதிரில் வந்து, "நானே வழிய அடச்சிட்டேனே அண்ணி" என்று அழுவார். "வுடுங்க, அழாதீங்க" என்பேன். சோறு போட்டுக் கொடுப்பேன். உண்மையை மட்டும் சொல்ல மாட்டேன். இதைவிடக் கேவலமாக நான் வேறெதையும் செய்ததில்லை.

போன வருஷம் அவர் இறந்தார். காரியம் முடிந்த மறுநாள், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்: மரம் காரணமில்லை, ரெண்டு நாள் பஸ் ஓடியது, நான்தான் உன்னைப் படுக்க வைத்தேன்.

அவள் கை நிற்கவில்லை. "எனக்குத் தெரியாதாக்கா? படுத்துக்கினு பஸ்ஸு சத்தத்தக் கேட்டுக்கினுதான் இருந்தேன். உன்னச் சொன்னா வூடு ரெண்டாயிடும்னு வாய மூடிக்கினேன்."

அவள் காம்புகளை முறத்தின் ஓரமாக ஒதுக்கினாள்.

"ஆனா இத அவருகிட்ட நீ சொல்லியிருக்கலாம்க்கா."