சென்னையா, திருவனந்தபுரமா

யுத்த காலத்தில் திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டுக் கீரனூருக்கு வந்தேன். சட்டம் படிக்கப் போகிறேன் என்றேன். அப்பா விவசாயி, ஆனால் நிலத் தகராறு ஒன்றுக்காகப் புதுக்கோட்டை கோர்ட்டுக்குப் பல காலம் அலைந்தவர். உடனே மறுக்கவில்லை. அம்மாதான் இலுப்பூரிலிருந்து வந்த வரனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்திலிருந்து சட்டம் படிக்கப் போகிறவர்கள் சென்னைக்குத்தான் போவார்கள். அண்ணனும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தான். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது அவனும் வீடு வந்து சேர்ந்திருந்தான். நான் திருவனந்தபுரம் என்று சொன்னதும் சென்னைக்கே போகச் சொன்னான்.

"பக்கத்துலயே ஹைகோர்ட்டு. கிளாஸ் முடிஞ்சதும் போயி பெரிய வக்கீலுங்க வாதாடுறதக் கேக்கலாம். திருவனந்தபுரத்துல என்ன இருக்கு?" என்றான்.

திருவனந்தபுரத்தில் குண்டு பயமில்லை, பெண்களும் படிக்கிறார்கள் என்று என் தோழி சொல்லியிருந்தாள்.

"இந்தக் குண்டு பயமெல்லாம் நாலு நாளைக்குத்தான். மொதல்ல சென்னையப் பாத்துருவம்" என்றார் அப்பா.

திருச்சி ஜங்ஷனில் சென்னை ரயிலிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சென்னைக்குப் போக நாங்கள் ஏறிய பெட்டியில் ஒரு போலீஸ்காரர் மட்டும் இருந்தார்.

"பொம்பளப் புள்ளயக் கூட்டிக்கிட்டு அங்கிட்டு எதுக்குங்க போறீங்க?" என்று அவர் கேட்டார்.

சென்னைச் சட்டக் கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர், "எப்பத் தொறப்பாங்கன்னு சொல்றதுக்கில்லைங்க" என்றார். வெளியே வந்தால், ஹைகோர்ட்டிலிருந்து கட்டுக்கட்டாகக் காகிதங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அபாயச் சங்கு ஊதியது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பதுங்கு குழிக்குள் இறங்கினார்.

"போதும் ஆத்தா. ஊருக்குப் போயிருவம்" என்றார்.

குண்டைவிட அந்தச் சொல் என்னைப் பயமுறுத்தியது. ஊருக்குப் போனால் அதோடு படிப்பு முடிந்தது.

"சென்னை வேணாங்கப்பா. திருவனந்தபுரத்துக்கே போறேன். வீட்டுக்கு மட்டும் கூட்டிப் போயிராதீங்க."

ஊதியது ஒத்திகைச் சங்குதான் என்று பிறகு சொன்னார்கள்.

திருச்சியில் இறங்கியபோது புதுக்கோட்டை வண்டி புறப்படத் தயாராக நின்றது. அப்பா டிக்கெட் வாங்கப் போனார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவர், "மதுரை வண்டி எந்தப் பிளாட்பாரமுன்னு கேளு. அங்கேருந்து தென்காசி வழியாப் போகணுமாம்" என்றார். நான் எழுந்து போர்ட்டரைத் தேடி ஓடினேன்.

திருவனந்தபுரத்தில் வகுப்பு சிறியது. பதில் தெரியாமல் யாரும் கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்ள முடியாது. அண்ணன் சொன்ன பெரிய வக்கீல்களின் வாதத்தை நான் கேட்டதேயில்லை. அவன் சென்னைக்கே திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தான்.

இருவரும் புதுக்கோட்டையில்தான் தொழிலுக்கு வந்தோம். ஒரு வரப்புத் தகராறில் அவன் வாதிக்கு, நான் பிரதிவாதிக்கு. அப்பா பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன்தான் ஜெயித்தான். வெளியே வந்ததும் அப்பா என்னிடம், "நீ பேசுனதுதான் எனக்கு வெளங்குச்சு" என்றார்.